படகு வாங்கப் போன கதை

(மூத்தோர் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், நமது கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் சார் லிஃப்டில் என்னைப் பிடித்தார். "அமெரிக்கா போயிட்டு வந்தீங்களே, அடுத்த கூட்டத்துல ஏதாவது பேசுங்க சார்" என்றார். நயாகராவும் டிஸ்னிலேண்டும் இந்த ஹாலில் ஏற்கெனவே திரை போட்டுக் காட்டப்பட்டுவிட்டன. நான் இரண்டையும் பார்க்கவில்லை. இரண்டு நாள் முழுக்க நான் சுற்றிப் பார்த்தது ஒரு படகுக் கண்காட்சியை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"இங்கே கார் நிறுத்தவே இடமில்லை, இவர் படகு வாங்கச் சொல்கிறாரா" என்று யாரும் பயப்பட வேண்டாம். நாம் யாரும் படகு வாங்கப் போவதில்லை. ஆனால் பேரன் பேத்திகளோடு படகில் ஏறாதவர்கள் இங்கே அநேகமாக இருக்க மாட்டார்கள். முட்டுக்காடு, பிச்சாவரம், கொடைக்கானல், கேரளா என்று லீவு விட்டால் ஏறிவிடுகிறோம். அங்கே எதைப் பார்த்து ஏற வேண்டும் என்பதை, ஒரு வாழ்நாள் கப்பலில் வேலை பார்த்த நானே இந்தக் கண்காட்சியில்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

என் மகள் குடும்பம் சியாட்டல் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றி பியூஜெட் சவுண்ட் என்கிற கடல், நிலத்துக்குள் கை கையாகப் புகுந்து கிடக்கிறது. தீவுகள் ஏராளம். படகு வைத்திருப்பவர்களும் ஏராளம். மாப்பிள்ளைக்கு சால்மன் பிடிக்க வேண்டும், நண்டுக்கூடு போட வேண்டும். மகளுக்கு மீனைத் தொடவே பிடிக்காது. அவளுக்குச் சான் வான் தீவுகளுக்குப் போய், ஒரு துறையில் நங்கூரம் போட்டு, படகிலேயே இரவு தங்க வேண்டும். பேரனுக்கு ஏழு வயது. அவனுக்கு இரண்டும் வேண்டும்.

"மாமா, நீங்க முப்பது வருஷம் கப்பல்ல என்ஜினியரா இருந்தவர். நீங்க பார்த்து எதைச் சொல்றீங்களோ அதையே வாங்கிடலாம்" என்றார் மாப்பிள்ளை. அன்றிரவு என் மனைவி தனியாக என்னிடம் சொன்னது வேறு. "ஏங்க, எதையாவது காரணம் சொல்லி வேணாம்னு சொல்லிடுங்க. நம்ம பொண்ணுக்கு நீச்சலே அரைகுறை." ஆக, இரண்டு பேரிடமிருந்து இரண்டு எதிரெதிர் உத்தரவோடு நான் கண்காட்சிக்குப் போனேன்.

சியாட்டல் படகுக் கண்காட்சி ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கிறது. லுமன் ஃபீல்டு என்கிற பெரிய விளையாட்டு அரங்கத்தை ஒட்டிய கண்காட்சிக் கூடத்தில் படகுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். வெளியே குளிர், மழை. அந்தக் குளிரில் யார் படகு பார்ப்பார்கள் என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், இப்போது ஆர்டர் கொடுத்தால்தான் கோடைக்குள் படகு கைக்கு வரும்.

கண்காட்சியில் ஒரு பெரிய வசதி உண்டு. படகு தண்ணீரில் இல்லாமல் டிரெய்லர் மேல் நிற்கிறது. அதனால் அதன் அடிவயிற்றைப் பார்க்கலாம். வந்தவர்கள் எல்லாரும் ஏணியில் ஏறி மெத்தையையும் திரைச்சீலையையும் பார்த்தார்கள். நான் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தேன். மாடல் ஃபிளாட்டில் சோபாவைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைப் பார்ப்பது மாதிரிதான்.

முதலில் கண்ணில் பட்டது நமக்கு நன்றாகப் பழகிய ஒரு தந்திரம். நம் எல்லாருக்கும் கார்ப்பெட் ஏரியா தெரியும், சூப்பர் பில்டப் ஏரியா தெரியும். படகிலும் அது உண்டு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத் தாங்கி, பின்னால் இறங்கிக் குளிக்கும் மேடை, அதற்கும் பின்னால் இன்ஜின் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீளம் சொல்லலாம். படகின் உடம்பை மட்டும் அளந்தால் இன்னொரு நீளம். ஒருவர் சொல்லும் 23 அடியும் அடுத்தவர் சொல்லும் 23 அடியும் ஒன்றல்ல. இதில் கூத்து என்னவென்றால், துறையில் நிறுத்த வாடகை அடிக் கணக்கில். அப்போது மட்டும் மேடை, இன்ஜின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். நம் மெயின்டனன்ஸ் பில் மாதிரியே.

அடுத்தது அடிவயிற்றின் வடிவம். இதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் சுலபம். தட்டையான அடி உள்ள படகு தண்ணீர் மேல் பலகை மாதிரி மிதக்கும். சின்ன இன்ஜின் போதும், பெட்ரோல் குறைவு, ஆழமில்லாத இடத்திலும் போகும், நிற்கும்போது பக்கவாட்டில் அதிகம் ஆடாது. ஆனால் சிற்றலை வந்தால் டமார் டமார் என்று தட்டும். முதுகெலும்புக்கு நல்லதல்ல. அடி ஆழமான வி வடிவத்தில் இருந்தால் அலையைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகும். தட்டாது. ஆனால் அதைத் தள்ளப் பெரிய இன்ஜின் வேண்டும், நின்றால் ஆடும். இந்த ஆழ வி வடிவத்தைப் பிரபலமாக்கியவர் ரே ஹன்ட் என்கிற அமெரிக்க வடிவமைப்பாளர். அவர் வடிவமைத்த படகு 1960-இல் மயாமியிலிருந்து நாசாவுக்கு நடந்த பந்தயத்தில் முரட்டுக் கடலில் ஜெயித்த பிறகு உலகமே அந்த வடிவத்தைத் திரும்பிப் பார்த்தது. இரண்டிலும் நல்லது கெட்டது உண்டு. எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

மூன்று படகுகளை நாங்கள் குறித்துக்கொண்டோம்.

முதலாவது சி-டோரி 22 குரூஸர். வாஷிங்டன் மாநிலத்துச் சரக்கு. ஃபைபர் உடம்பு, 22 அடி நீளம், எட்டடிக்கும் சற்றுக் குறைந்த அகலம். இன்ஜின் இல்லாமல் எடை சுமார் 900 கிலோதான். 90 குதிரைத்திறன் இன்ஜின் போதும். முன்னால் இரண்டு பேர் படுக்கலாம். கேபினுக்குள் ஒரு சின்ன மேசை, அடுப்பு. அடி தட்டையான வகை. சிற்றலையில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தனிக் கழிப்பறை அறை கிடையாது, ஒரு டப்பா வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் மனைவி அதைக் கேட்டதும் கீழே இறங்கிவிட்டார்.

இரண்டாவது ரேஞ்சர் டக்ஸ் ஆர்-23. இதுவும் அந்த மாநிலத்துக் கம்பெனிதான். பார்க்கத் துறைமுகத்து இழுவைப் படகு மாதிரி அழகாக இருக்கும். 200 குதிரைத்திறன் யமஹா இன்ஜின். கதவு போட்ட கழிப்பறை, சமையல் மேடை, படுக்கை, பக்கவாட்டில் இறங்க ஒரு கதவு. துறையில் நிறுத்தும்போது முன்பக்கத்தை இடம் வலம் தள்ளிவிட ஒரு சின்ன மோட்டாரும் உண்டு. மகள் ஏறியவள் இறங்கவே இல்லை. எடை இரண்டு டன்னுக்கு மேல். மாப்பிள்ளை பின்தளத்தில் நின்று தூண்டில் வீசுவது மாதிரி கையை ஓங்கினார். முழங்கை கேபின் கதவில் இடித்தது.

மூன்றாவது ஹ்யூஸ்கிராஃப்ட் என்கிற அலுமினியப் படகு. வெல்டிங் செய்தது, முன்னால் மூடிய கேபின், பின்னால் விசாலமான தளம். மீன் பிடிப்பவர்களுக்காகவே செய்தது. கூழாங்கல் கரையில் நேராக ஏற்றி நிறுத்தினாலும் கீறலோடு போய்விடும், ஃபைபர் மாதிரி பிளக்காது. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். ஆனால் குளிரில் அலுமினியத்தின் உட்பக்கம் வியர்க்கும், மெத்தை ஈரமாகும். அலை அடித்தால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்த மாதிரி சத்தம். உப்புத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் துத்தநாகக் கட்டிகளை ஒழுங்காக மாற்ற வேண்டும். அந்தக் கட்டி தன்னை அரிக்கக் கொடுத்து அலுமினியத்தைக் காப்பாற்றும். மறந்தால் அரிப்பு படகுக்கு வரும். துறையில் பக்கத்துப் படகில் மின்கசிவு இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அப்பாவும் பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு மணி நேரம் விவாதம் செய்தோம். எனக்குப் புரிந்தது இதுதான். 22 அடி என்பது மாறாத அளவு. கேபினுக்குக் கொடுக்கும் ஒவ்வோர் அடியும் மீன் பிடிக்கும் தளத்திலிருந்து எடுத்த அடி. பால்கனியை மூடி ரூம் ஆக்கினால் துணி காயப்போட இடம் இருக்காது, அது மாதிரி. மீன் பிடிப்பவனுக்குப் பக்கச்சுவர் தாழ்வாக இருக்க வேண்டும், கூட்டைத் தூக்கி உள்ளே போட வேண்டுமே. குழந்தை வைத்திருப்பவளுக்கு அதே சுவர் உயரமாக இருக்க வேண்டும். இரண்டையும் செய்யும் படகு என்று விற்பனையாளர் சொன்னால், இரண்டையும் பாதி பாதி செய்யும் படகு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தூரக் கணக்கு. சியாட்டலிலிருந்து சான் வான் தீவுகளின் முக்கியத் துறைக்கு ஏறத்தாழ 65 கடல் மைல். தண்ணீரை இடித்துக்கொண்டு மெதுவாகப் போகும் படகுக்கு, அதன் நீளமே வேகத்துக்கு எல்லை. நீர்மட்டத்தில் 20 அடி நீளம் என்றால் மணிக்கு சுமார் 6 கடல் மைல். 65 மைலுக்குப் பதினோரு மணி நேரம். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் படகு தண்ணீர் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குத்தான் குதிரைத்திறன். பெட்ரோல் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கினால், குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தால் வருவது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அமெரிக்க கேலன் குடிக்கும் என்ற தோராயக் கணக்கு. 200 குதிரைத்திறனுக்கு 20 கேலன், அதாவது சுமார் 75 லிட்டர். நிதானமாக ஓட்டினால் குறையும். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்படின்னா மெதுவாவே போலாம்பா, என்ன அவசரம்" என்றாள் மகள். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நம் சென்னையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், நாம் கவனிப்பதே இல்லை. சியாட்டலில் அது மூன்று மீட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவில் உள்ள இடுக்குகள் வழியாகத்தான் வந்து போக வேண்டும். டிசெப்ஷன் பாஸ் என்கிற இடுக்கில் நீரோட்டம் 8 நாட் வரை போகும். 6 நாட் போகிற படகு அங்கே எதிர்த்துப் போனால் பின்னால்தான் நகரும். நேரம் பார்த்து, நீரோட்டம் ஓய்கிறபோது கடக்க வேண்டும். அந்த அட்டவணை படிக்கத் தெரியாதவர் எவ்வளவு நல்ல படகு வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

இதற்கு ஒரு மாற்று வழியும் உண்டு. சின்னப் படகை டிரெய்லரில் ஏற்றி, தீவுகளுக்கு அருகில் உள்ள அனகார்ட்டிஸ் வரை ரோட்டிலேயே இழுத்துக்கொண்டு போய் அங்கே இறக்கலாம். எட்டரை அடி அகலத்துக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். ஆனால் எடை பாருங்கள். சி-டோரி 900 கிலோ, இன்ஜின் 170, பெட்ரோல் 150 லிட்டர் என்றால் 110, டிரெய்லர் 350, சாமான் செட்டு தண்ணீர் 200. மொத்தம் 1,730 கிலோ. கண்காட்சியில் எழுதி வைத்தது 900 மட்டும்தான். மாப்பிள்ளையின் காருக்கு இழுக்கும் திறன் அதில் பாதிகூட இல்லை. படகு வாங்கினால் கூடவே கார் ஒன்றும் வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னது பணம், வசதி. இனிமேல் சொல்வதற்காகத்தான் நான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

ஒரு கடையில் மாப்பிள்ளை, "இதில் எத்தனை பேர் போகலாம்" என்று கேட்டார். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, எட்டுப் பேர் தாராளமாகப் போகலாம் என்றார். அவர் இருக்கைகளை எண்ணிச் சொன்னார். இருக்கை எண்ணிக்கை வேறு, படகு தாங்கும் எண்ணிக்கை வேறு. அமெரிக்காவில் 20 அடிக்கு உட்பட்ட சாதாரண மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எத்தனை எடை என்று ஒரு தகடு பதித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த அளவுப் படகுகள், வெளியே இன்ஜின் மாட்டியவை, தண்ணீர் நிரம்பினாலும் கவிழாமல் மட்டமாக மிதக்கிற மாதிரி உள்ளே நுரை வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். 20 அடிக்கு மேல் போனால் இந்த இரண்டு கட்டாயமும் இல்லை. பெரிய படகு என்றால் பாதுகாப்பும் பெரியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதனால் 22 அடிப் படகில் இந்தக் கேள்வியை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.

இந்த நுரை விஷயத்தில் பாஸ்டன் வேலர் கம்பெனி செய்த விளம்பரம் ஒன்று அந்நாட்டில் மிகவும் பிரபலம். 1961-இல் அதன் நிறுவனர் டிக் ஃபிஷர், கோட்டும் டையுமாகத் தன் படகில் உட்கார்ந்திருக்க, படகை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்கள். அறுத்த பின்பாதியை இன்ஜினோடு அவர் ஓட்டிக்கொண்டு போனார். லைஃப் பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன. விளம்பரம்தான், ஆனால் வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

எடை எங்கே இருக்கிறது என்பதும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே முக்கியம். மீன்பிடிப் படகில் எடை கீழே இருக்கும். ஐஸ், மீன், டீசல் எல்லாம் தளத்துக்குக் கீழே. அதனால் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். அதே படகின் மேல் ஒரு மாடி கட்டி ஆளை ஏற்றினால் தலைக்கனம் வந்துவிடும். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூர் கடற்கரையில் 22 பேர் இறந்த விபத்து நமக்கு நினைவிருக்கும். மாலை இருட்டுகிற நேரம், அளவுக்கு மீறிக் கூட்டம், பாதிக்குமேல் பெண்களும் குழந்தைகளும். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது என்று அப்போது செய்தி வந்தது. படகின் உருவம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை மாற்றினால், கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் மாடிப் படகு, காற்று நன்றாக வரும் என்று மேலேதான் ஏறுவார்கள்.

அடுத்தது தண்ணீரின் குளிர். பியூஜெட் சவுண்ட் தண்ணீர் வருஷம் முழுக்க 7 முதல் 13 டிகிரி வரைதான் இருக்கும். வெயில் கொளுத்தும் ஆகஸ்டிலும் அப்படித்தான். அங்கே பாதுகாப்பு வகுப்பில் 1, 10, 1 என்று சொல்லித் தருகிறார்கள். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போராட வேண்டும், அந்த நேரம் வாய் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப 1 மணி நேரம் ஆகும். ஆனால் ஜாக்கெட் இல்லாதவர் அந்த ஒரு மணி நேரம் வரை இருப்பதில்லை. எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் முதல் நிமிடத்தில் தடுமாறுவான். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. படகு விபத்தில் இறப்பவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மூழ்கி இறக்கிறார்கள். மூழ்கியவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள். பல படகுகளில் ஜாக்கெட் இருந்திருக்கும். இருக்கைக்கு அடியில்.

இதைப் படித்த பிறகு நான் ஒவ்வொரு படகிலும் ஒரே ஒரு சோதனை செய்தேன். விழுந்தவன் திரும்ப ஏற முடியுமா? ஏணியைத் தண்ணீரிலிருந்தே கையால் இழுத்து இறக்க முடிய வேண்டும். மேலே இருப்பவர் இறக்கிவிட்டால்தான் உண்டு என்றால், தனியாகப் போனவன் கதி என்ன? ஒரு படகில் ஏணி மேடைக்கு அடியில் மடிந்திருந்தது, கீழிருந்து எட்டியது. இன்னொன்றில் மேடை மேல் ஒரு மூடிக்குள் இருந்தது, கீழிருப்பவனுக்குக் கண்ணுக்கே தெரியாது. நங்கூரம் போட முன்னால் எப்படிப் போவது என்றும் பார்த்தேன். ஒரு சாண் அகல விளிம்பில் கேபினைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமானால், மழையில் அது வழுக்குமரம். சி-டோரியில் படுக்கைக்கு மேலே ஒரு மூடி இருக்கிறது, அதைத் திறந்து உள்ளே நின்றபடியே நங்கூரத்தைக் கையாளலாம். என் மனைவிக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

கேபின் படகில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு. படகு முன்னே போகும்போது பின்னால் காற்று சுழன்று, இன்ஜின் புகையைத் திறந்த கதவு வழியாகக் கேபினுக்குள் இழுக்கும். வாசனை வராது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கேபினில் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நம் பேஸ்மென்டில் ஜெனரேட்டர் புகை பற்றி இரண்டு வருஷம் முன்பு நாம் விவாதித்தோமே, அதே வாயுதான்.

இரண்டாம் நாள் மாலை காபி குடிக்கும்போது மகள் கேட்டாள். "சரிப்பா, கடைசியா என்ன சொல்றீங்க? எதை வாங்கலாம்?"

மனைவி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் அப்போது இருபது காரணம் இருந்தது. ஆனால் நான் இங்கே விமானம் ஏறிய மறுநாள் அவர்கள் தாங்களாகவே போய் வாங்கலாம். அவர்களுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. அதனால் உண்மையைச் சொன்னேன். "எதை வாங்கினாலும் இந்த வருஷம் வேண்டாம். முதலில் இரண்டு பேரும் பாடம் படியுங்கள். ஒரு கோடைக்காலம் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், உங்களுக்கு எத்தனை அடி வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்."

வாஷிங்டன் மாநிலத்தில் 15 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்டுபவர் பாதுகாப்புப் பாடம் படித்து அட்டை வாங்க வேண்டும். 1955-க்கு முன் பிறந்தவர்களுக்கு விலக்கு உண்டு. எனக்கும் விலக்குதான். இருந்தாலும் மகளோடு உட்கார்ந்து நானும் படித்தேன். மாப்பிள்ளை மட்டும் படித்தால் போதாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தண்ணீரில் விழப் போவது ஓட்டுபவராக இருந்தால், படகைத் திருப்பிக் கொண்டுவர இன்னொருவருக்குத் தெரிய வேண்டாமா?

மே மாதம் நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அவர்கள் ஒரு படகு கிளப்பில் சேர்ந்தார்கள். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமக்கு அதிகாலை, மகளிடமிருந்து போன். நண்டுக்கூடு போடப் போனார்கள். மதியம் காற்று கூடி அலைத்தலை வெள்ளையாக உடைய ஆரம்பித்திருக்கிறது. கூடு இருந்த இடம் இன்னும் இரண்டு மைல். மாப்பிள்ளை போய் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார், மகள் திரும்பலாம் என்றிருக்கிறாள். பேரன் ஜாக்கெட்டோடு கேபினில் உட்கார்ந்திருக்கிறான். "திரும்பி வந்துட்டோம்பா. கூடு போச்சு" என்றாள். என் மனைவி போனை வாங்கி, "கூடு போனா போகுது, சாப்பிட்டியா" என்று கேட்டார். அன்றைக்குப் பிறகு அவர் படகு வேண்டாம் என்று சொல்லவில்லை. "பேரனுக்கு ஜாக்கெட் இருக்கான்னு கேளுங்க" என்று மட்டும் சொல்கிறார்.

கடைசியாக நம் விஷயம். அடுத்த மாதம் நம் சங்கத்திலிருந்து பிச்சாவரம் போகிறோம். இதுவரை நாற்பத்தி மூன்று பேர் பெயர் கொடுத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார், அதில் பதினோரு குழந்தைகள். கமிட்டியிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று, படகில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான். "ஒரு குடும்பம்தானே, சேர்ந்து உட்காரட்டும்" என்று நாமே கெஞ்சிக் கூட்டக் கூடாது. குழந்தையும் ஒரு ஆள்தான்.

இரண்டு, ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, பட்டியை இறுக்கிய பிறகுதான் ஏற வேண்டும். மேலே உட்கார்வதற்கு அது திண்டு அல்ல.

மூன்று, பெரியவர் ஜாக்கெட் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை. போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால், தண்ணீரில் குழந்தை கீழே நழுவிவிடும். சரியான அளவு கிடைக்குமா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடலாம். இல்லையென்றால் பதினோரு குழந்தைகளுக்கும் நாமே வாங்கிக்கொண்டு போகலாம். அந்தச் செலவை ஏற்க நான் தயார், பிறகு அவை கிளப் ஹவுஸில் இருக்கட்டும்.

நான்கு, செல்ஃபி எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்திருக்கக் கூடாது.

ஐந்து, படகுக்காரர் இன்றைக்குக் காற்று சரியில்லை என்றால், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று அவரை வற்புறுத்தக் கூடாது. திரும்பி வந்து டீ குடித்துவிட்டு, சிதம்பரம் கோயிலுக்குப் போய்விட்டு வீடு வந்து சேரலாம்.